மருந்துச் சீட்டுக்கு எல்லை உண்டு

கேள்வி: என் அண்ணன் வேலை நிமித்தம் வேறு நாட்டில் இருக்கிறார். சிறு வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு உண்டு. குளோனசெபாம் மாத்திரை நாளொன்றுக்கு இரண்டு சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து, வலிக்கு டிராமடாலும் சேர்ந்துகொண்டது. அங்கே மருத்துவரைப் பார்க்கச் செலவும் அலைச்சலும் அதிகம் என்பதால், இங்குள்ள மருத்துவரின் சீட்டைக் காட்டி மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கி அனுப்பச் சொல்கிறார். கூரியர் அலுவலகத்தில் விசாரித்தேன். "அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு, வைட்டமின் என்று எழுதிக் கொடுங்கள், போய்விடும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த மாதம் அம்மா அண்ணனைப் பார்க்கப் போகிறார். அவர் பெட்டியில் வைத்து அனுப்பலாமா? அம்மாவும் இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் சாப்பிடுகிறவர். மருத்துவர் சீட்டு இருக்கும்போது பயப்பட வேண்டியதில்லை என்கிறார் அண்ணன். அவர் கையில் இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் மாத்திரை இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். கூரியரில் அனுப்ப வேண்டாம். "வைட்டமின்" என்று எழுதி அனுப்பவே வேண்டாம். அண்ணனுடைய மாத்திரைகளை அம்மாவின் பெட்டியிலும் வைக்காதீர்கள். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்குள் என்ன செய்ய முடியும் என்பதையும் சொல்கிறேன்.

நான் மருந்தாளுநர். பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஒரு மருந்து உற்பத்தி நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில், இதே வகை மருந்துகளுக்கான அனுமதித் தாள்களோடு கழித்தவன். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் ஒரு கிலோ ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். அதைக் கேட்டால் உங்கள் பார்சலைச் சட்டம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

வாங்கும் நிறுவனம் முதலில் தன் நாட்டு அரசிடம் இறக்குமதிச் சான்றிதழ் பெற வேண்டும். அதில் மருந்தின் பெயர், அளவு, அனுப்புகிறவர், பெறுகிறவர், காலக்கெடு எல்லாம் இருக்கும். அந்தச் சான்றிதழை விற்கும் நிறுவனம் தன் நாட்டு அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும். அனுமதியின் ஒரு படி சரக்கோடு போகும், இன்னொன்று வாங்கும் நாட்டின் அரசுக்குப் போகும். சரக்கு போய்ச் சேர்ந்ததும், உண்மையில் எவ்வளவு வந்தது என்று குறித்து அந்த அரசு திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக இத்தனையும் நடக்கும். மார்ஃபின் சல்ஃபேட்டின் எடையும் அதற்குள் இருக்கும் மார்ஃபினின் எடையும் ஒன்றல்ல. சான்றிதழில் ஒன்றும் அனுமதியில் மற்றொன்றும் எழுதப்பட்டுவிட்டதால் மட்டுமே வாரக்கணக்கில் சரக்கு நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அத்தனைக்கும் இரு பக்கமும் உரிமம் பெற்ற நிறுவனங்கள்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1961-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் பற்றிய ஒற்றை உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தம். மார்ஃபின், கோடீன், ஃபென்டானில், ஆக்சிகோடோன் போன்றவை அதற்குள் வருகின்றன. மனநிலையை மாற்றும் மருந்துகளுக்கு 1971-இல் தனியாக ஓர் உடன்படிக்கை வந்தது. அதில் நான்கு அட்டவணைகள். அண்ணனின் குளோனசெபாமும் அம்மாவின் அல்பிரசோலமும் நான்காவது அட்டவணையில் இருக்கின்றன. இவற்றை மேற்பார்வையிட வியன்னாவில் பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் என்ற 13 உறுப்பினர் அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்கு ஓராண்டில் இந்த மருந்துகள் எவ்வளவு தேவை என்று இந்த வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்கிறது. 1961 உடன்படிக்கையில் ஒரு விதியைப் பாருங்கள்: அஞ்சல் பெட்டி எண்ணுக்கு இந்த மருந்துகளை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. பெறுகிறவர் யார் என்று தெரியாத இடத்துக்கு ஒரு கிராம்கூடப் போகக் கூடாது என்பதில் அந்தக் காலத்திலேயே அவ்வளவு கவனம்.

இப்போது உங்கள் பார்சலுக்கு வருகிறேன். பார்சலில் ஒரு மருந்தை நாட்டுக்கு வெளியே அனுப்பினால் அது ஏற்றுமதி. அதைப் பெறுவது இறக்குமதி. அனுப்புகிறவர் தங்கை, பெறுகிறவர் அண்ணன், காசு கைமாறவில்லை என்பதெல்லாம் இந்தச் சொற்களின் பொருளை மாற்றாது. பலர் நினைப்பதுபோல, "சொந்த உபயோகத்துக்கு" என்று பார்சலின் மேல் எழுதினால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கு விலக்கு கிடைத்துவிடாது. சாதாரண ரத்த அழுத்த மாத்திரையைத் தபாலில் பெற அனுமதிக்கும் நாடுகள்கூட, இந்த வகை மருந்து என்றால் தனி அனுமதி கேட்கும் அல்லது அடியோடு மறுக்கும்.

வைட்டமின் என்று எழுதச் சொன்ன ஆலோசனை என்னை மிகவும் வருத்துகிறது. உண்மைப் பெயரோடு போய் மாட்டிக்கொண்ட பார்சலை, விவரம் தெரியாத ஒருவரின் தவறு என்று விளக்கப் பார்க்கலாம். பெயரை மாற்றி எழுதிய பார்சலுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். மறைக்கும் எண்ணம் இருந்ததற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி. அட்டையைப் பிரித்து டப்பாவில் போட்டால் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாமே போய்விடும். ஆய்வுக்கூடம் ஒரே நாளில் குளோனசெபாம் என்று சொல்லிவிடும். அதன்பின் அது அடையாளம் மறைக்கப்பட்ட போதைப்பொருள் என்றே கோப்பில் ஏறும். 2015-இல் ஜப்பானில் ஒரு பெரிய நிறுவனத்தின் உயர் அதிகாரி கைதானார். அமெரிக்காவிலிருந்து அவருக்கு வந்த பார்சலில் 57 ஆக்சிகோடோன் மாத்திரைகள் இருந்தன. உள்ளே இருப்பது நகை என்று பார்சலில் எழுதியிருந்ததாகச் செய்திகள் வந்தன. வலிக்காக வரவழைத்த மருந்துதான். ஏறக்குறைய மூன்று வாரம் காவலில் இருந்த பிறகே, வழக்குத் தொடரப்படாமல் விடுவிக்கப்பட்டார். அதற்குள் பதவி போய்விட்டது. பெரிய நிறுவனமும் நல்ல வழக்கறிஞர்களும் பின்னால் இருந்த ஒருவருக்கே அப்படி. அந்தப் பார்சலைப் பெறப்போகிறவர் உங்கள் அண்ணன் என்பதை நினைத்துப் பாருங்கள். கூரியர் அலுவலகத்தில் யோசனை சொன்னவர் அன்று அவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

மருத்துவர் சீட்டு இருந்தால் போதும் என்கிறார் அண்ணன். இதே நம்பிக்கையோடு பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். படித்தவர்கள், மருத்துவர் வீட்டுப் பிள்ளைகள் உட்பட. மருந்துச் சீட்டு என்பது, ஒரு நாட்டில் பதிவுபெற்ற மருத்துவர் அதே நாட்டில் உரிமம் பெற்ற மருந்தகத்துக்கு எழுதும் உத்தரவு. அதன் சட்ட பலம் பொதுவாக அந்த நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கு அப்பால் அது ஒரு நல்ல ஆதாரம். இந்த மருந்து இவருக்கு உண்மையாகவே தேவை என்று காட்ட உதவும். அனுமதியாக அது மாறாது.

அப்படியானால் நோயாளிகள் பயணமே செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். 1971 உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. பயணி ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவு மருந்தைக் கையோடு கொண்டுபோக நாடுகள் அனுமதிக்கலாம். அது முறையாகப் பெறப்பட்டதுதானா என்று சோதித்துக்கொள்ளும் உரிமையும் அந்த நாடுகளுக்கு உண்டு. இதில் மூன்று சொற்களைக் கவனியுங்கள். "பயணி": மருந்தோடு ஆளும் போக வேண்டும். "சொந்த உபயோகம்": சாப்பிடுகிறவரும் சுமக்கிறவரும் ஒருவரே. "அனுமதிக்கலாம்": அனுமதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நாட்டுக்கும் கிடையாது. 1961 உடன்படிக்கையில் பயணிகளுக்கென்று இப்படி ஒரு வாசகம்கூட இல்லை. மார்ஃபின் வகை மருந்துகளுக்கு அந்தந்த நாட்டின் நடைமுறைதான்.

"அனுமதிக்கலாம்" என்ற அந்தக் கடைசிச் சொல்லால்தான் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள், அண்ணன் எங்கே இருக்கிறார் என்று கடிதத்தில் இல்லை. எனவே சில நாடுகளை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பிரிட்டனில் மூன்று மாதத்துக்குக் குறைவான அளவு என்றால் மருத்துவரின் கடிதம் போதும். அதற்கு மேல் தனி உரிமம் வாங்க வேண்டும். ஐரோப்பாவில், தமக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஷெங்கன் நாடுகளில் வசிப்பவர் அந்த நாடுகளுக்குள் போய்வர, மருந்துக்கு ஒன்றாகச் சான்றிதழ் பெற வேண்டும். அது 30 நாளுக்குச் செல்லும். ஐக்கிய அரபு அமீரகம் பயணத்துக்கு முன்பே அரசிடம் இணையவழியாக அனுமதி பெறச் சொல்கிறது. சிங்கப்பூரும் பல மருந்துகளுக்கு முன் அனுமதி கேட்கிறது. ஜப்பானில் கவனக்குறைவு நோய்க்குத் தரும் ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகளுக்கு முழுத் தடை. எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் கொண்டுபோக முடியாது. அதே நோய்க்கான மெத்தில்ஃபெனிடேட்டைக் குறிப்பிட்ட அளவுவரை கொண்டுபோகலாம்.

இந்தியாவைப் பற்றி ஒரு விளக்கம். அங்கே 1985-இன் போதைப்பொருள் விதிகள்படி, மனநிலையை மாற்றும் மருந்தை ஒருவர் சொந்த மருத்துவத் தேவைக்காக ஒரு நேரத்தில் 100 மாத்திரைவரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சை என்று மருத்துவர் குறிப்பாக எழுதிக் கொடுத்தால் 300 வரை. இந்த 300 என்ற எண்ணைக் கேள்விப்பட்டு, அவ்வளவையும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வைத்திருப்பதற்கான வரம்பு. எல்லை தாண்டி அனுப்புவதற்கு வேறு சட்டப்பிரிவு, வேறு தண்டனை.

டிராமடாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இதில்தான். பன்னாட்டு உடன்படிக்கைகளின் எந்த அட்டவணையிலும் டிராமடால் இல்லை. இணையத்தில் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது கட்டுப்பாட்டில் இல்லாத மருந்து" என்று ஒருவர் முடிவுக்கு வரக்கூடும். ஆனால் தனித்தனி நாடுகள் தம் சொந்தச் சட்டத்தில் அதைச் சேர்த்திருக்கின்றன. அமெரிக்காவும் பிரிட்டனும் 2014-இல், இந்தியா 2018-இல் சேர்த்தன. எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. அண்ணனின் இரண்டு மருந்துகளில், உலகப் பட்டியலில் உள்ள குளோனசெபாமைவிடப் பட்டியலில் இல்லாத டிராமடால் சில விமான நிலையங்களில் பெரிய ஆபத்து. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினும் இப்படித்தான். உலகப் பட்டியலில் இல்லை, பிரிட்டனில் 2019 முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இதனால்தான் அம்மாவின் பெட்டி வேண்டாம் என்கிறேன். 2017-இல் எகிப்துக்குப் போன ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் பெட்டியில் டிராமடால் மாத்திரைகள் இருந்தன. முதுகுவலியால் அவதிப்பட்ட தன் துணைவருக்காக எடுத்துப் போனதாக அவர் சொன்னார். நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்பினால் எடுத்துப் போனார் என்பதைச் சட்டம் எடைபோடவில்லை. அம்மா நோயாளியோடு பயணம் செய்கிறவராக இருந்தால், உதாரணமாக அண்ணனை அழைத்துக்கொண்டு போகிறவராக இருந்தால், சில நாடுகளில் அவர் கைப்பையில் அண்ணனின் மருந்து இருப்பதை ஏற்பார்கள். அண்ணன் அங்கே, அம்மா இங்கே என்னும்போது, அம்மா சுமப்பது இன்னொருவரின் மருந்து. மூன்று மாதத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு என்றால் குளோனசெபாம் மட்டுமே 180 மாத்திரை. டிராமடால் அதற்கு மேல். வயதான ஒருவர் மொழி தெரியாத ஊரில், தனக்குச் சொந்தமில்லாத இத்தனை மாத்திரைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலையை நீங்கள் உருவாக்கிவிடக் கூடாது.

அம்மாவின் சொந்த அல்பிரசோலம் வேறு கதை. அதை முறையாகக் கொண்டுபோகலாம். போகும் நாட்டின் சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தை இன்றே பாருங்கள். முன் அனுமதி வேண்டும் என்றால் அதற்குச் சில நாள் பிடிக்கும்; பயணத்துக்கு முந்தின வாரம் விண்ணப்பித்தால் கிடைக்காமல் போகலாம். சந்தேகம் இருந்தால் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று யாரோ சொன்னதைச் சுங்க அதிகாரியிடம் காட்ட முடியாது. வியன்னா வாரியத்தின் இணையதளத்தில் பயணிகளுக்கென ஒவ்வொரு நாடும் கொடுத்த விதிகளின் தொகுப்பு இருக்கிறது. தொடக்கத்துக்கு அது நல்ல இடம். விமானம் மாறும் நாட்டையும் மறக்காமல் பாருங்கள். இணைப்பு விமானம் தவறி ஓரிரவு வெளியே தங்க நேர்ந்தால், அம்மா அந்த நாட்டின் சட்டத்துக்குள் நுழைந்துவிடுவார்.

மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். எனவே அல்பிரசோலம் என்ற மூலப்பெயர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மாத்திரையின் வீரியம் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, பயண நாட்கள் எத்தனை, மொத்தம் எத்தனை மாத்திரை, எந்த நோய்க்கு என்று தெளிவாக ஆங்கிலத்தில் இருக்கட்டும். அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். முன்னெழுத்து ஓர் இடத்தில் முன்னால், இன்னோர் இடத்தில் விரித்து என்று நம் பெயர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. தங்கும் நாட்களுக்குத் தேவையானதோடு நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும். பல நாடுகள் 30 நாள் அளவோடு நிறுத்திவிடுகின்றன. அட்டையிலிருந்து பிரிக்காமல், வாங்கிய ரசீதோடு, கைப்பையில் வையுங்கள். அந்த நாடு அறிவிக்கச் சொன்னால், இறங்கியதும் சுங்கத்தில் தானே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவரை நடத்தும் விதமும், பெட்டியில் கண்டுபிடிக்கப்பட்டவரை நடத்தும் விதமும் ஒன்றல்ல.

இனி அண்ணன். அவர் இருக்கும் நாட்டிலேயே மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி. செலவும் அலைச்சலும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. குளோனசெபாம் அரிய மருந்தல்ல. பெரும்பாலான நாடுகளில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும், பெயர் மட்டும் வேறாக இருக்கும். இங்குள்ள மருத்துவரிடம் நோய் வரலாற்றுச் சுருக்கம் ஒன்றை வாங்கி இன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்: வலிப்பு எப்போது தொடங்கியது, முன்பு எந்தெந்த மருந்து கொடுத்தார்கள், இப்போதைய அளவு, மூளை அலைப் பரிசோதனை அறிக்கை. காகிதங்கள் அனுப்ப எந்த அனுமதியும் தேவையில்லை. அங்குள்ள மருத்துவருக்கு உங்கள் மாத்திரைப் பார்சலைவிட இந்தச் சுருக்கம்தான் பயன்படும். ஒருவேளை அந்த மருந்து அங்கே விற்பனையிலேயே இல்லை என்றால், நோயாளியின் பெயரில் தருவிக்கச் சில நாடுகளில் தனி இறக்குமதி அனுமதி உண்டு. அதற்கும் அந்த ஊர் மருத்துவரோ மருத்துவமனையோதான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பதற்காக மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளை நீட்டிக்கும் வேலையை அவர் செய்யக் கூடாது. குளோனசெபாமைத் திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். விடாமல் தொடர்ந்து வரும் வலிப்பு உயிருக்கே ஆபத்து. மருத்துவரைப் பார்க்கத் தேதி கிடைக்கவில்லை என்றால், மாத்திரை தீருவதற்கு முன்பே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், பழைய அட்டையையும் மருத்துவச் சுருக்கத்தையும் காட்டட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டிராமடால் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து. வலிப்பு நோய் உள்ளவருக்கு அதைக் கொடுக்க மருத்துவர்கள் மிகவும் தயங்குவார்கள். குளோனசெபாமோடு சேர்த்துச் சாப்பிடும்போது இரண்டுமே மூச்சை மந்தப்படுத்தும். மது எதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம். முதுகுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவருக்கு வலிப்பு இருப்பது தெரியுமா, வலிப்புக்குப் பார்ப்பவருக்கு டிராமடால் கொடுத்திருப்பது தெரியுமா? இரண்டு சீட்டுகளும் ஒரே மருத்துவரின் கண்ணில் பட்டிருக்குமா என்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிராமடாலையும் தானாக நிறுத்திவிடக் கூடாது. பல மாதம் சாப்பிட்டவருக்கு உடல் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். புதிய மருத்துவரிடம் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். வேறு வலி மருந்துக்கு அவர் மாற்றிவிட்டால், எல்லையில் அதிகத் தொல்லை தரும் மருந்தும் பட்டியலிலிருந்து போய்விடும்.

இன்றிரவு அண்ணனை அழைத்துப் பேசுங்கள். சமீபத்தில் கை கால் துடிப்பு, கண நேர நினைவு தப்புதல் ஏதாவது இருந்ததா என்று முதலில் அதைக் கேளுங்கள். இருந்தது என்றால் அவர் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே போகட்டும்.